ஜாடியில் ஏழு குருஸ்து

கோட்லாஸ்,
8 அக்டோபர் 1978

அன்புள்ள கிளாஷா,

உன் வீட்டிலிருந்து கிளம்பி மூன்று வாரம் ஆகப் போகிறது. பஸ்ஸில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் முட்டி வலி எப்படி? பசு ஒழுங்காகக் கறக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளாவேளைக்குப் பசிக்கிறது, சாப்பிடுகிறேன், அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். தொலைபேசி இணைப்பகத்தில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு "வொலொக்தா, பேசுங்க", "கீரவ், பேசுங்க" என்று ஊரையும் ஊரையும் கோத்துவிடும் அந்த எட்டு மணி நேரம் நிம்மதியாகப் போகிறது. வீட்டுக்கு வந்தால் உன் அண்ணனின் ரப்பர் காலணி வாசலிலேயே நிற்கிறது. எடுத்து வைக்க மனமில்லை.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன். காட்டில் சதுப்பு ஓரம் அவரைக் கண்டெடுத்த அன்று அவர் கூடையையும் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கை வைக்கக் கூடாது என்று உன்னையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நீ பசுவைப் பார்க்கப் போய்விட்டாய். நான் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே பெரணி இலை போட்டு மூடியிருந்தார். அடியில் ஏழு காளான். ஏழே ஏழு. குளிர் அடித்ததில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சுரண்டிக் கழுவி வாளித் தண்ணீரில் போட்டேன். மூன்று நாள் தண்ணீர் மாற்றினேன். அடக்கமெல்லாம் முடிந்ததும் உப்பு, பூண்டு, சதகுப்பைத் தண்டு போட்டு ஒரு சின்ன ஜாடியில் அடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி அவருக்கு நாற்பதாம் நாள் நினைவு. அன்று அந்த ஜாடியை மேஜையில் அவர் படத்துக்கு முன்னால் திறக்கலாம் என்று ஆசை. ஆனால் எதிர் வீட்டு ஃபைனா பயமுறுத்துகிறாள். "இது திங்கிற குருஸ்தா, கசக்கிற கிறீச்சியா, யாருக்குத் தெரியும்? ரெண்டும் பிர்ச் மரத்தடியிலதான் முளைக்கும், ரெண்டும் வெள்ளைதான். வந்தவங்க வாயில வெச்சுத் துப்பினா உனக்குத்தான் அசிங்கம்" என்கிறாள். காட்டில் பிறக்காதவள் நான், எனக்கு எல்லாக் காளானும் ஒன்றுதான். எப்படிக் கண்டுபிடிப்பது என்று உடனே எழுது.

அன்று எந்தச் சத்தமும் உன் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டாய். அதை மறுபடி கேட்டு உன்னை நோகடிக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் அண்ணி
ஆக்னியா


மேல் லூப்யா,
14 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் உங்கள் மூன்றாம் மாடிக்கும் என் வணக்கம். முட்டி என்னைவிட்டுப் போகிற உறவு இல்லை, கூடவே இருக்கிறது. பசு பாலைக் குறைத்துவிட்டது. முட்டைக்கோஸ் போட்டாயிற்று. ஜன்னல் இடுக்குகளில் பாசி அடைத்தாயிற்று.

அண்ணி, அதைத் தூக்கிப் போடுங்கள். அது கிறீச்சி. பார்க்காமலே சொல்லுவேன். ஃபைனா அம்மாளுக்கு இந்த ஒரு விஷயத்தில் வாய் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். குருஸ்து சருகுக்கு அடியில் கூட்டமாக ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தரை கொஞ்சம் உப்பியிருக்கும், குச்சியால் தள்ளிப் பார்க்க வேண்டும். தொட்டால் மேல்தோல் ஈரமாக வழுக்கும், சருகும் மண்ணும் ஒட்டிக்கொண்டே வரும். விளிம்பு உள்பக்கம் சுருண்டு, கம்பளிப் போர்வையில் நூல் பிரிந்த மாதிரி நார் தொங்கும். வெட்டினால் பால் கசியும், கசிந்த பால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிடும். முகர்ந்தால் பழ வாசனை வரும். கிறீச்சி அப்படியில்லை. நடுக்காட்டில் கூச்சமில்லாமல் தட்டு மாதிரி விரிந்து நிற்கும். மேலே காய்ந்து கிடக்கும், விளிம்பில் நாரே இருக்காது, பால் வெள்ளையாகவே இருக்கும். நகத்தால் உரசினால் எண்ணெய் போடாத கதவு மாதிரிச் சத்தம் போடும். விஷமில்லை, ஆனால் எங்கள் ஊரில் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. காடெல்லாம் கிடக்கும். அண்ணன் நகரத்தில் இருந்து இருந்து வித்தியாசம் மறந்திருப்பார், பாவம்.

நாற்பதாம் நாளுக்கு அப்பமும் தேன் விட்ட கோதுமைச் சோறும் போதும். அவருக்குப் பிடித்ததும் அதுதான்.

வருஷா வருஷம் அனுப்பும் குருஸ்து டப்பாவை இந்த வருஷம் எதிர்பார்க்காதீர்கள். போட்டது எல்லாம் பூஞ்சை பிடித்துக் கொட்டிவிட்டேன். உப்பு சரியில்லை.

உங்கள் நாத்தனார்
கிளாஃபிரா


கோட்லாஸ்,
25 அக்டோபர் 1978

அன்புள்ள கிளாஷா,

நாற்பது முடிந்தது. பதினோரு பேர் வந்தார்கள். நீ வருவாய் என்று கடைசிப் பஸ்வரை பார்த்தேன். முட்டிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

ஜாடியைத் தூக்கிப் போடவில்லை, திறக்கவும் இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பில் நார் தெரிகிறது கிளாஷா. நீ எழுதியது மாதிரியே, நூல் பிரிந்த போர்வை. இன்னொன்றும் நினைவு வந்தது. முன்னறையில் உட்கார்ந்து அடிப்பக்கம் சீவினபோது கத்தி முனையெல்லாம் மஞ்சளானது. அழுக்கென்று நினைத்துப் பாவாடையில் துடைத்தேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

இதை ஏன் இவ்வளவு தோண்டுகிறேன் என்று உனக்குத் தோன்றும். உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன்?

அன்று காலை நீ விடியும்போதே போய்விட்டாய். அவர் ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினார். நடுவில் எங்களுக்குள் சண்டை. ஓய்வூதியம் வந்துவிட்டது, வீட்டைக் காலிசெய்து லூப்யாவுக்கே வந்துவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். என் வேலை இருக்கிறது, மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்றேன். அவர் சத்தம் போடவில்லை, உனக்குத்தான் தெரியுமே. "அங்க மூச்சு முட்டுது ஆக்னியா, அவ்வளவுதான்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படின்னா போய் உங்க காட்டுலயே இருங்க. திரும்பி வராதீங்க" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கூடையை அவர் கையில் கொடுத்ததே நான்தான்.

காட்டில் வழி தவறினவன் கூப்பிட மாட்டானா? குழந்தைகூட ஆஊ என்று கத்தும். எத்தனை காளான் பொறுக்குபவர்கள் அன்று காட்டில் இருந்தார்கள். நீ ஆற்றங்கரைப் பிர்ச் காட்டில் இருந்தாய், உன் பக்கத்து வீட்டுத் தைசியா சாலைப் பக்கம் இருந்தாள். ஒருவர் காதிலும் விழவில்லை. முப்பது வருஷமாக இணைப்பகத்தில் இருக்கிறேன். ஆபத்தில் இருப்பவன் எப்படியாவது மணியடிப்பான். அடிக்காதவனுக்கு யாரும் வேண்டாம் என்று அர்த்தம். நான் சொன்னதைத்தான் அவர் செய்தார் என்று தோன்றுகிறது. இதைச் சுமக்க முடியவில்லை.

அது குருஸ்துதானா என்று மட்டும் மறுபடி யோசித்து எழுது. உட்கார்ந்து, சருகைத் தள்ளித் தள்ளி, பார்த்துப் பார்த்துப் பறித்தாரென்றால், சாகப் போகிறவர் அப்படிச் செய்வாரா என்று என் மனம் கேட்கிறது.

ஆக்னியா


மேல் லூப்யா,
30 நவம்பர் 1978

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதம், கோபிக்க வேண்டாம். சாலை முதலில் சேறானது, பிறகு உறைந்தது. தபால் வண்டி வருவதே அபூர்வமாகிவிட்டது. பன்றியை அடித்தாயிற்று. உங்களுக்கு ஒரு துண்டு கொழுப்பு உப்பிட்டு வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. நீங்கள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களா?

மஞ்சள் கறை துருவாக இருக்கும். என் வீட்டுக் கத்திகள் எல்லாம் துருப் பிடித்தவை. நார் மாதிரித் தெரிவது சதகுப்பைத் தண்டாக இருக்கும். கண்ணாடிக்குள் தண்ணீரில் எல்லாம் வளைந்துதான் தெரியும்.

அண்ணனுக்குக் கோபம் என்பதே கிடையாது. புருஷன் பெண்டாட்டி வாய்ச்சண்டையை யார் மனதில் வைத்துக்கொள்வார்கள்? எங்கள் அப்பாவும் அம்மாவும் தினம் ஒருவரையொருவர் காட்டுக்கு அனுப்பினார்கள். இருவரும் அடுப்படியில்தான் செத்தார்கள். நீங்கள் கண்டதை நினைக்காதீர்கள். அன்று காற்று சதுப்பைப் பார்த்து வீசியது. சதுப்பிலிருந்து கத்தியிருந்தாலும் ஒன்றும் கேட்டிருக்காது. அவர் கத்தியிருப்பார், கேட்டிருக்காது. அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

விறகு இந்த வருஷம் சாலைப் பக்கமிருந்தே இழுத்துவந்தேன். அந்தப் பக்கம் போகவில்லை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கிளாஃபிரா


கோட்லாஸ்,
17 டிசம்பர் 1978

அன்புள்ள கிளாஷா,

சளி விட்டதா? கொழுப்பு வந்து சேர்ந்தது, நன்றி. ஃபைனாவுக்கும் பாதி கொடுத்தேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஆற்றங்கரையில் இருந்தவளுக்குச் சதுப்புப் பக்கக் காற்று எப்படித் தெரியும்? ஆற்றங்கரைக்கும் சதுப்புக்கும் ஆறு மைல். கோபித்துக்கொள்ளாதே. வரிக்கு வரி காது கொடுப்பதுதான் என் தொழில்.

அன்று மதியம் நீ இரண்டு வாளி நிறையக் கொண்டுவந்தாய். கொட்டகையில் உட்கார்ந்து நாம் இருவரும்தான் சுத்தம் செய்தோம். அவர் எங்கே என்று நான் கேட்டேன். "வருவாரு அண்ணி, காட்டுல எங்க போயிடப் போறாரு" என்றாய். வாளியில் இருந்தது எல்லாம் குருஸ்து, ஒரு கிறீச்சிகூட இல்லை. என் விரல் பத்தும் மஞ்சளாகிவிட்டது, நீ பார்த்துச் சிரித்தாய். நான்கு நாள் கழித்துக் கத்தியில் பார்த்ததும் அதே மஞ்சள்தான். துரு இல்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் நீ ஒரே இடத்திலிருந்து கொண்டுவருவாய். உங்கள் அம்மா உனக்கு மட்டும் காட்டிய இடம். கூடப் பிறந்தவரிடம்கூடச் சொன்னதில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொல்வார், "என் தங்கச்சி கடவுளே வந்து கேட்டாலும் எடத்தச் சொல்ல மாட்டா" என்று. அந்த இடத்தை நான் கேட்கவில்லை கிளாஷா. காளான் மேல் சத்தியமாக வேண்டாம். அன்று அவர் அங்கே வந்தாரா, இல்லையா? அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

சில நாள் ஒரு இணைப்பு திறந்தபடியே இருக்கும். இரண்டு பக்கமும் யாரும் பேச மாட்டார்கள். துண்டிக்கவும் மாட்டார்கள். நான் "ஹலோ" என்பேன். யாரோ இருப்பது மட்டும் தெரியும். இப்போதெல்லாம் அந்த இணைப்புகளை என்னால் துண்டிக்க முடிவதில்லை. மேலாளர் இரண்டுமுறை கண்டித்துவிட்டார்.

பதில் எழுது.

ஆக்னியா


மேல் லூப்யா,
28 டிசம்பர் 1978
(வாழ்த்து அட்டை)

அண்ணிக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். இங்கே பனி ஜன்னல்வரை நிற்கிறது. பசு சினையாக இருக்கிறது. மற்றபடி ஒன்றும் விசேஷமில்லை.

கிளாஃபிரா


கோட்லாஸ்,
2 மார்ச் 1979

கிளாஷா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கன்று ஈன்றிருக்கும். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இனிமேல் எதுவும் கேட்கப் போவதில்லை, பயப்படாமல் இந்தக் கடிதத்தைப் படி.

முடிவு செய்துவிட்டேன். அவர் அங்கே வந்திருந்தால், உன்னைப் பார்த்திருந்தால், கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டிருந்தால் நீ போயிருப்பாய், நீ அவர் தங்கை. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே அவர் யாரையும் கூப்பிடவில்லை. நான் போகச் சொன்னேன், போய்விட்டார். கணக்கு நேராகத்தான் இருக்கிறது, நான்தான் குளிர்காலம் முழுக்க அதை வளைக்கப் பார்த்தேன்.

கல்லறைக் கல் செப்டம்பரில் வைக்க வேண்டும் என்று கல்தச்சனிடம் சொல்லி வைத்திருக்கிறாய். இரண்டு பெயருக்கு இடம் விடச் சொல்லியிருந்தோம். இப்போது ஒரு பெயர் போதும் என்று சொல்லிவிடு. என் பெயருக்கு விட்ட இடத்தில் ஏதாவது இலையோ கொடியோ செதுக்கட்டும். என்னைவிட்டுப் போனவர் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. என்னை இங்கேயே எங்காவது புதைக்கட்டும். வருஷ நினைவுக்கும் நான் வரவில்லை. என் சார்பில் ஒரு மெழுகுவத்தி ஏற்று.

அவர் ரப்பர் காலணியை ஃபைனாவின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். ஜாடி ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் குளிரில் இருக்கிறது. கொட்டத்தான் இன்னும் கை வரவில்லை.

முட்டியைக் கவனித்துக்கொள்.

ஆக்னியா


மேல் லூப்யா,
19 மார்ச் 1979

அண்ணி,

கல்தச்சனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இரண்டு பெயருக்கும் இடம் இருக்கும்.

அது குருஸ்து. முதல் கடிதத்தில் ஏழு என்று நீங்கள் எழுதியபோதே எனக்குத் தெரியும். எங்கே பறித்தது என்றும் தெரியும்.

நான் ஆற்றங்கரையில் இல்லை. சதுப்புக்கு இந்தப் பக்கம் பழைய பிர்ச் மரங்கள் இருக்கின்றன, அம்மா காட்டிய இடம் அதுதான். முட்டி போட்டுச் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மாதிரி நான் பார்த்ததே இல்லை, தள்ளிய இடமெல்லாம் வெள்ளை. அப்போது முதல் ஆஊ கேட்டது. தைசியா என்று நினைத்தேன். பத்து வருஷமாக என் பின்னால் மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறவள் அவள். வழி தவறினவள் மாதிரிக் கத்துவாள், நாம் பதில் கொடுத்தால் சத்தம் வந்த திக்கைக் குறித்துக்கொண்டு மறுநாள் கூடையோடு வந்து நிற்பாள். காளான் இடத்தில் இருக்கும்போது ஆஊவுக்குப் பதில் கொடுக்காதே என்றுதான் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். ஊரே அப்படித்தான்.

இரண்டாவது கேட்டபோது தெரிந்துவிட்டது. கடைசியில் இழுத்துக் கொஞ்சம் உடைவார் பாருங்கள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணன்தான் என்று தெரிந்துதான் நான் தரையோடு தரையாகப் படுத்தேன். வெள்ளை தெரியக் கூடாது என்று வாளிகள் மேல் சால்வையைப் போட்டு மூடினேன். என்ன நினைத்தேன் என்றும் சொல்கிறேன். இவர் பார்த்தால் வெள்ளை மனசு, உங்களிடம் சொல்லுவார். நீங்கள் இணைப்பகத்தில் சொல்லுவீர்கள். அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறைய நகரத்துக்காரர்கள் வந்து இறங்கிக் காட்டை மிதித்துவிட்டுப் போவார்கள். இதைத்தான் நினைத்தேன் அண்ணி. காளானைத்தான் நினைத்தேன்.

மூன்றாவது மிகவும் பக்கத்தில். "கிளாஷா, இருக்கியா?" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். மேகம் மூடிக் காடு ஒரே மாதிரி இருந்தது, திக்குத் தெரிந்திருக்காது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு வந்தது, சின்ன வயதில் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டு அவரை ஏமாற்றிய மாதிரி இருந்தது. நாலாவது தூரத்தில், சதுப்புப் பக்கத்தில் கேட்டது. "கிளாஷா, வீட்டுக்குப் போகணும், வழி சொல்லு" என்றார். அப்புறம் கேட்கவில்லை. நான் எழுந்து மிச்சத்தையும் அறுத்து வாளியை நிரப்பினேன்.

சாயங்காலம் தேடப் போனவர்கள் எங்கிருந்து தொடங்க என்று என்னைத்தான் கேட்டார்கள். ஆற்றுப் பக்கம் கை காட்டினேன். முதலில் இடத்துக்காக, பிறகு வெட்கத்துக்காக. மறுநாள் முழுக்க ஆற்றங்கரையில் தேடினார்கள். டாக்டர் சொன்னார் அல்லவா, இரண்டாவது ராத்திரிதான் இதயம் நின்றது என்று? அந்தப் பகல் முழுக்க அவர் உயிரோடு இருந்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் நானே சதுப்புக்கு ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அப்போது என் இடத்தின் மேற்கு ஓரத்தில் பார்த்தேன். காளான் அறுத்த அடித்தண்டு ஏழு, புதிதாக, அவருடைய கோணல் கத்தி வெட்டிய மாதிரி சாய்ந்து. நான் படுத்திருந்த இடத்திலிருந்து எண்ணினேன். இருபது அடி.

காளானைப் பற்றி என்னால் பொய் எழுத முடியவில்லை. குருஸ்து எப்படி இருக்குமோ அப்படியேதான் எழுதினேன். அண்ணனைப் பற்றி எழுத முடிந்தது.

அவர் திரும்பி வரத்தான் நினைத்தார் அண்ணி. உங்களை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போகணும் என்றுதான் கடைசியாகச் சொன்னார்.

அந்த இரண்டு வாளியையும் பன்றிக்குழியில் கொட்டினேன். இப்போது நான் விறகுக் கொட்டகைக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் "கிளாஷா, இருக்கியா?" என்று கேட்கிறது. "இருக்கேன் அண்ணா, இங்க இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். தைசியா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஊரில் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். பதில் சொல்லிவிட்டாலும் அது நிற்பதில்லை.

கிளாஃபிரா


மேல் லூப்யா,
20 மே 1979

அண்ணி,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கிற தைரியம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். பிர்ச் துளிர்த்துவிட்டது. கன்று போட்டது, பெண் கன்று. அண்ணன் கல்லறை மேட்டில் புல் முளைத்திருக்கிறது, களை எடுத்தேன்.

இடத்தைத் தைசியாவுக்குக் காட்டிவிட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எல்லை எல்லையாகக் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை. "எனக்கு எதுக்குடி இது, வேண்டாம்" என்று திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

பதில் எழுத வேண்டாம். கிடைத்ததென்று தெரிந்தால் போதும்.

கிளாஃபிரா


கோட்லாஸ்,
3 ஆகஸ்ட் 1979

கிளாஷா,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் முட்டியைப் பற்றி இந்தமுறை கேட்கவில்லை.

மார்ச்சில் படித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அடுப்படியில் நின்று "கூப்பிட்டாரு, கூப்பிட்டாரு" என்று ஃபைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் வீட்டுக்கு வரத்தான் பார்த்தார். நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அரை நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். பிறகுதான் மிச்சம் புரிந்தது. இருபது அடி. அதற்கப்புறம் நான்கு மாதம் உனக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. நீ ஆற்றுப் பக்கம் காட்டிய கை இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜாடியைத் திறந்தேன். பழ வாசனை இன்னும் இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றாக ஆறு சாப்பிட்டேன். நல்ல குருஸ்து, பல்லில் நறுக்கென்று கடிபட்டது. ஏழாவதை உனக்கு வைத்திருக்கிறேன். கொண்டுவருகிறேன், என் முன்னால் உட்கார்ந்து நீ சாப்பிட வேண்டும்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலைப் பஸ்ஸில் வருகிறேன். நாம் நேராகக் காட்டுக்குப் போவோம். அவரைக் கண்டெடுத்த ஊசியிலை மரத்தடியில் என்னை விட்டுவிட்டு நீ உன் இடத்துக்குப் போ. படுத்திருந்த அதே இடத்தில் நில். எனக்கு அந்தக் காட்டில் வழி தெரியாது, திக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். நான் கூப்பிடுவேன். நீ பதில் சொல். உன் குரலைப் பிடித்துக்கொண்டேதான் நான் வந்து சேர வேண்டும். எத்தனை முறை கூப்பிட்டாலும் சொல். நேரமானாலும், மழை வந்தாலும், தைசியா கேட்டாலும், ஊரே கேட்டாலும் சொல்.

நான் நிறுத்தும்வரை நீ நிறுத்தக் கூடாது.

ஆக்னியா